"எங்களிடம் அனுமதி இருக்கிறது": ஆலைப் புகையும் இசைவாணை என்ற காகிதமும்

ஓர் ஊருக்குப் பக்கத்தில் தொழிற்சாலை வரப்போகிறது என்றால் நம்மிடையே முதலில் எழும் கேள்வி, எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பது. அடுத்த கேள்வி, நிலத்தின் விலை ஏறுமா என்பது. அந்த ஆலையின் புகைபோக்கி எவ்வளவு உயரம், அதிலிருந்து என்னென்ன வெளியேறும், அதை யார் அளப்பார்கள் என்ற கேள்விகள் பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான் வருகின்றன. அதற்குள் தெருவில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிப் பையில் இன்ஹேலர் வந்துவிடும். அப்போது போய்க் கேட்டால் ஆலைத் தரப்பிலிருந்து ஒரே பதில்தான் கிடைக்கும்: "எங்களிடம் அனுமதி இருக்கிறது."

உண்மைதான், இருக்கும். அந்த அனுமதி எப்படிக் கிடைத்தது, அதில் என்ன எழுதியிருக்கிறது, அதை மீறினால் என்ன நடக்கும் என்று கேட்கத் தெரியாததால் நாம் அத்துடன் திரும்பி வந்துவிடுகிறோம். கடந்த சில ஆண்டுகளாக இந்த அனுமதி விதிகளில் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றங்கள் வந்துகொண்டிருக்கின்றன. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு அந்த வரிசையில் முக்கியமானது. இவற்றை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே பார்க்கிறோம்.

முதலில் சட்டம். காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் வந்தது. அதன் 21-ஆம் பிரிவின்படி மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் எந்த ஆலையையும் நிறுவவும் கூடாது, இயக்கவும் கூடாது. நம் வாரியம் இதை 'இசைவாணை' என்கிறது. கட்டுவதற்கு முன் ஒன்று, ஓட்டுவதற்கு முன் மற்றொன்று. விண்ணப்பம் வந்து நான்கு மாதங்களுக்குள் வாரியம் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 'நிறுவ' என்ற சொல் 1981-இல் அந்தப் பிரிவில் இல்லை, 'இயக்க' மட்டுமே இருந்தது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகு, 1987-இல் செய்த திருத்தத்தில்தான் அது சேர்ந்தது. ஆலையை மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் தரும் 31ஏ பிரிவும் அதே திருத்தத்தில் வந்ததுதான். அந்த அதிகாரங்களுக்குப் போபால் மக்கள் கொடுத்த விலையை இங்கே சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெரிய ஆலைகளுக்கு இது தவிர இன்னொரு படி உண்டு. 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கையின்படி முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். அதை ஒன்றிய அமைச்சகமோ மாநில அளவிலான ஆணையமோ வழங்கும். மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வருவது இந்தப் படியில்தான். இசைவாணைக்கு அப்படி ஒரு கூட்டம் கிடையாது. நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். கூட்டத்தில் எதிர்த்துப் பேசிவிட்டு வந்து, "பேசினோம், கேட்கவில்லை" என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் அதற்குப் பிறகுதான் இசைவாணை வருகிறது. எந்த ஆலை எத்தனை டன் தயாரிக்கலாம், எத்தனை புகைபோக்கிகள், ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம், எந்த வடிகட்டி பொருத்த வேண்டும், புகையில் எது எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்ற விவரமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

தூத்துக்குடி சொல்லும் கதை

இசைவாணை என்ற காகிதத்துக்கு என்ன மதிப்பு என்று அறிய தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் கதையைவிடச் சிறந்த பாடம் தமிழ்நாட்டில் இல்லை. துப்பாக்கிச் சூட்டை நாம் எல்லோரும் அறிவோம். அதற்கு முந்தைய 24 ஆண்டுகளின் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தவர்கள் குறைவு.

1994 ஆகஸ்டில் வாரியம் இந்த ஆலைக்குத் தடையில்லாச் சான்று கொடுத்தபோது ஒரு நிபந்தனை விதித்தது. மன்னார் வளைகுடாவின் உயிர்க்கோளப் பகுதியிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி ஆலை அமைய வேண்டும் என்பதே அது. ஆலை அமைந்த இடமோ சுமார் 14 கிலோமீட்டரில். நிபந்தனை போட்ட அதே வாரியம் 1995-இல் நிறுவவும் 1996-இல் இயக்கவும் இசைவு தந்தது. ஆலைக்காரர் நிபந்தனையை மீறுவது ஒரு பக்கம் இருக்கட்டும். நிபந்தனை போட்டவரே அதை மறந்துவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

2010 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. மேல்முறையீட்டில் 2013 ஏப்ரல் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. ஆனால் மாசு ஏற்படுத்தியதற்காகவும், இசைவாணை புதுப்பிக்கப்படாமலேயே நெடுங்காலம் ஓடியதற்காகவும் 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வைத்தது. இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். பைக்குக் காப்பீடு தேதி முடிந்து ஒரு நாள் ஆனாலும் நம் பிள்ளைகளை வழியில் நிறுத்தி அபராதம் போடுகிறார்கள். தாமிரம் உருக்கும் ஓர் ஆலை செல்லத்தக்க இசைவு இல்லாமல் நெடுங்காலம் ஓடியிருக்கிறது.

அந்தத் தீர்ப்பு வருவதற்குப் பத்து நாள் முன்பு, 2013 மார்ச் 23 அன்று காலையில், தூத்துக்குடியில் மக்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. கந்தக டை ஆக்சைடு. வாரியம் ஆலையை மூட உத்தரவிட்டது. மே மாத இறுதியில் பசுமைத் தீர்ப்பாயம் திறக்க அனுமதித்தது. இப்படியே ஐந்தாண்டுகள் போயின.

2018 ஏப்ரல் 9-ஆம் தேதி வாரியம் இசைவைப் புதுப்பிக்க மறுத்தது. சொன்ன காரணங்களைக் கவனியுங்கள். நிலத்தடி நீர்ப் பரிசோதனை அறிக்கைகளைத் தரவில்லை. உப்பாற்றில் கொட்டிய தாமிரக் கசடை அகற்றவில்லை. காற்றில் ஆர்சனிக் அளவைப் பரிசோதித்துக் காட்டவில்லை. இவற்றில் எதுவும் அந்த ஏப்ரல் மாதம் திடீரென முளைத்த குற்றமல்ல. ஆண்டுக்கு ஒருமுறை யாராவது நிபந்தனைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஆலையைச் சுற்றி வந்திருந்தால் எப்போதோ கண்டுபிடித்திருக்கலாம்.

அடுத்த மாதம் 22-ஆம் தேதி, போராட்டத்தின் நூறாவது நாளில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போயின. மறுநாள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆலை விரிவாக்கப் பணியை நிறுத்தி, கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தச் சொன்னது. விரிவாக்கத்துக்கு அதுவரை அந்தக் கூட்டம் நடத்தப்படவே இல்லை. தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைக்குக் கூட்டம் தேவையில்லை என்ற விலக்கைக் காட்டி அது தவிர்க்கப்பட்டிருந்தது. மக்கள் பேசுவதற்கென்று சட்டம் வைத்திருந்த மேடை கிடைக்கவில்லை, அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மே 28 அன்று அரசு நிரந்தர மூடல் ஆணை பிறப்பித்தது. 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமும் 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன.

ஆலை மூடியதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி என்று சொன்னால் அது நேர்மையாகாது. ஆண்டுக்கு நான்கு லட்சம் டன் தாமிரம் தந்த ஆலை அது. அதை நம்பிய ஒப்பந்தத் தொழிலாளர்கள், லாரிக்காரர்கள், துறைமுகத் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள், அவர்களில் நம் சகோதரர்களும் உண்டு. ஒழுங்காகக் கண்காணித்திருந்தால் ஒன்று அந்த ஆலை தன்னைத் திருத்திக்கொண்டிருக்கும், அல்லது முதலீடும் வேலையும் பெருகுவதற்கு முன்பே வேறிடம் போயிருக்கும். கண்காணிக்காததன் விலையை இரு தரப்பு ஏழைகளும் கட்டினார்கள் என்பதே நம் கருத்து.

ஒவ்வொரு புகைபோக்கியும் சரி, ஊர்க் காற்று தவறு

இசைவாணை முறையில் ஓர் அடிப்படைக் குறை இருக்கிறது. வாரியம் ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனியாக இசைவு தருகிறது. இந்த ஆலையின் புகை இந்த அளவுக்குள் இருக்கிறதா, சரி. அடுத்த ஆலை, அதுவும் சரி. பத்து ஆலைகளும் தனித்தனியே வரம்புக்குள் இருக்கும். பத்தையும் சேர்த்துச் சுவாசிக்கும் ஒரு குழந்தையின் நுரையீரலுக்கு யாரும் இசைவாணை எழுதுவதில்லை.

வடசென்னையில் எண்ணூரும் மணலியும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரம், பெட்ரோ ரசாயனம், அனல் மின்சாரம், நிலக்கரித் துறைமுகம் எல்லாம் ஒரே வட்டாரத்தில். 2009-இல் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தியது. 70-க்கு மேல் வந்த 43 பகுதிகள் கடுமையாக மாசடைந்தவை என்று அறிவிக்கப்பட்டன. மணலி 76.32, கடலூர் 77.45, கோவை 72.38. தமிழ்நாட்டில் முதலிடத்தில் நின்றது 81.79 பெற்ற வேலூர், வடஆற்காடு. அதாவது நம் தோல் தொழில் பகுதி. 2010 ஜனவரியில் இந்த 43 இடங்களிலும் புதிய சுற்றுச்சூழல் அனுமதிகளுக்குத் தற்காலிகத் தடை போட்டார்கள். மொத்தமாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் ஆணையாக வந்தது. பிறகு அந்தத் தடை படிப்படியாகத் தளர்த்தப்பட்டது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். வாரியம் 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக்குப் பரிந்துரைத்தது. அதுவும் ஆண்டுக்கணக்கில் அனுமதியோடு இயங்கி வந்த ஆலைதான்.

இன்னொன்று, அளவுகோலே எவ்வளவு தளர்வு என்பது. 2.5 மைக்ரானுக்கும் குறைவான நுண்துகள் காற்றில் ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது 2009-இல் வகுத்த இந்தியத் தரம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 5. எட்டு மடங்கு வித்தியாசம். "அரசு வரம்புக்குள் இருக்கிறது" என்று ஆலை சொல்வது உண்மையாகவே இருந்தாலும், அந்த வரம்புக்குள் ஆரோக்கியம் இருக்கிறது என்று பொருளில்லை.

கதவுகள் ஒவ்வொன்றாக

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம்.

அனல் மின் நிலையங்களின் புகையில் கந்தக டை ஆக்சைடுக்கு 2015 டிசம்பரில்தான் முதன்முறையாக நாடு தழுவிய வரம்பு வந்தது. இரண்டே ஆண்டுகளில் கருவி பொருத்த வேண்டும் என்றார்கள். 2017 வந்தது, நீட்டித்தார்கள். மறுபடியும் நீட்டித்தார்கள், மறுபடியும். கடைசியாக 2025 ஜூலையில் பெரும்பாலான மின் நிலையங்களுக்கு அந்தக் கருவியே தேவையில்லை என்று விலக்கு வந்துவிட்டது. டெல்லியையும் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களையும் ஒட்டிப் பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு மட்டும் கட்டாயம். இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, கருவிக்குச் செலவு அதிகம், மின் கட்டணம் ஏறும் என்று அரசு வாதிடுகிறது. அதில் கந்தகம் குறைவு என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் பத்தாண்டுகள் கெடு நீட்டியே வந்துவிட்டு, முடிவில் கெடுவையே எடுத்துவிட்டால், சொன்ன நேரத்தில் பணம் செலவழித்துக் கருவி பொருத்தியவர் ஏமாளி என்றல்லவா ஆகிறது?

தண்டனையும் மாறியிருக்கிறது. இசைவில்லாமல் ஆலை ஓட்டினால் ஒன்றரை ஆண்டு முதல் ஆறு ஆண்டு வரை சிறை என்று பழைய சட்டம் சொன்னது. 2023-இல் நிறைவேறிய ஜன் விஷ்வாஸ் சட்டம் சிறையை எடுத்துவிட்டுப் பத்தாயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஆக்கியது. சிறை என்று எழுதியிருந்தபோதும் யாரும் பெரிதாக உள்ளே போய்விடவில்லை என்பது வேறு விஷயம். இருந்தாலும் சின்னப் பட்டறைக்காரருக்கு 15 லட்சம் என்றால் கடையை மூட வேண்டியதுதான், பல்லாயிரம் கோடி புரளும் நிறுவனத்துக்கு அது ஒரு நாள் டீச் செலவு. இதை ஈடுகட்டுவது போல 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசு வாரியங்களே சுற்றுச்சூழல் இழப்பீடு விதிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. வாரியங்களுக்குத் துணிவு வர வேண்டும். அந்த வாரியங்களின் தலைமைப் பொறுப்பில் தகுதியில்லாதவர்கள் அமர்த்தப்படுகிறார்கள் என்று இதே உச்ச நீதிமன்றம் 2017-இல் வருந்தி, நியமன விதிகளை ஆறு மாதத்தில் வகுக்கும்படி மாநிலங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றாவதாக, தொடக்கத்தில் சொன்ன நவம்பர் தீர்ப்பு. முன் அனுமதி பெறாமலே கட்டத் தொடங்கியவர்களுக்குப் பின்னால் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும் வழியை ஒன்றிய அரசு 2017-இலும் 2021-இலும் திறந்தது. 2025 மே 16 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதைச் செல்லாது என்றது. ஆறே மாதத்தில், நவம்பர் 18 அன்று, மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. சுமார் 20,000 கோடி ரூபாய் மதிப்பிலான பொதுத் திட்டங்களை இடிக்க வேண்டி வரும் என்பது பெரும்பான்மை சொன்ன முக்கியக் காரணம். இடிப்பதும் இழப்புதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டி முடித்த பிறகு வரும் அனுமதியில் 'முடியாது' என்ற பதிலுக்கு இடமே இல்லை. கூரை போட்ட பிறகு "இங்கே கட்டலாமா?" என்று கேட்பதற்குப் பெயர் அனுமதி கேட்பதல்ல, தகவல் சொல்வது.

ரொட்டி அடுப்பும் முஹ்தஸிபும்

மதரஸாவில் ஓதிய நமக்கு இந்த விவாதங்களைப் படிக்கும்போது பழைய கிதாபுகள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபின் கடமைகளைப் பற்றி ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய நூலில் ரொட்டி அடுப்புக்காரர்களுக்கு ஒரு பாடம் உண்டு. கடையின் கூரையை உயர்த்த வேண்டும், மக்களுக்குத் தொல்லையில்லாமல் புகை வெளியேற அகலமான திறப்பு வைக்க வேண்டும் என்று அவர்களுக்குக் கட்டளையிடச் சொல்கிறார். இன்று வாரியம் இசைவாணையில் எழுதும் புகைபோக்கி நிபந்தனையும் இதே வகைதான். வித்தியாசம், முஹ்தஸிப் சந்தைக்குள் நடந்து போய்ப் பார்ப்பார்.

உஸ்மானியர் காலத்தில் ஹனஃபி ஃபிக்ஹைச் சட்டப் பிரிவுகளாகத் தொகுத்த மஜல்லா 1876-இல் நிறைவடைந்தது. அண்டை வீட்டில் குடியிருக்க முடியாதபடி புகையும் நாற்றமும் வந்தால் அது கடுமையான தீங்கு, அதை எவ்வகையிலேனும் நீக்க வேண்டும் என்கிறது அது. நம் ஊர்களில் அடிக்கடி கேட்கும் ஒரு வாதத்துக்கும் அதில் பதில் இருக்கிறது: "ஆலை அறுபது வருஷமாக இருக்கிறது, நீங்கள்தான் பின்னால் வந்து வீடு கட்டினீர்கள்." கொல்லன் பட்டறைக்குப் பக்கத்தில் தெரிந்தே புதிதாக வீடு கட்டிக்கொண்டவர், பட்டறையை மூடு என்று கேட்க முடியாது என்பது உண்மை. மஜல்லாவே அப்படிச் சொல்கிறது. ஆனால் தீங்கு பழமையானது என்பதாலேயே அதற்கு உரிமை பிறந்துவிடாது என்பதும் அதன் தொடக்க விதிகளில் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் தெளிவு இது: தனி மனிதர் தெரிந்தே ஏற்றுக்கொண்ட சிறு இடையூறு வேறு, ஊர் முழுவதற்கும் வரும் கேடு வேறு. பொதுக் கேட்டுக்கு வயது ஒரு சான்றிதழ் ஆகாது. இசைவை 'பழக்கத்தில்' புதுப்பித்துக்கொண்டே போகும் அலுவலகங்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

விண்ணப்பிக்கும் நாமும் சுவாசிக்கும் நாமும்

இதுவரை படித்தவர்கள், ஆலைக்காரர் வேறு யாரோ, மூச்சுத் திணறுபவர் நாம் என்று நினைத்திருந்தால் அது பாதிதான் சரி. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை, திண்டுக்கல் தோல் தொழிலில் முதலாளிகளில் பலர் நம்மவர்கள். அந்தத் தொழில் எத்தனை மதரஸாக்களை, கல்லூரிகளை, மருத்துவமனைகளை உருவாக்கியது என்பதை நன்றியோடு நினைக்கிறோம். அதே தொழிலின் கழிவுநீர் பாலாற்றுக்குச் செய்ததையும் மறைக்க முடியாது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. நீருக்கான வழக்கு அது, ஆனால் காற்றுக்கும் இன்று அதே கோட்பாடுதான். பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு இன்னும் முழுமையாகப் போய்ச் சேரவில்லை என்பதால் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது. இடையில் ஓடியது 28 ஆண்டுகளுக்கு மேல். அந்த விவசாயிகளில் எத்தனை பேர் காத்திருந்தே கண் மூடியிருப்பார்கள்?

பெரிய ஆலைகள் மட்டுமல்ல. கொதிகலன் வைத்த தோல் பட்டறை, விறகடுப்பு பேக்கரி, பழைய பிளாஸ்டிக்கை உருக்கும் கொட்டகை, செங்கல் சூளை, அரிசி ஆலை எல்லாவற்றிலும் நம் முதலீடு இருக்கிறது. தொழில்களை மாசு அளவைப் பொறுத்துச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று வாரியங்கள் பிரிக்கின்றன. 2016-இல் வந்த பட்டியலில் 60 தொழில்கள் சிவப்பு, 83 ஆரஞ்சு, 63 பச்சை, 36 வெள்ளை. வெள்ளைப் பிரிவுக்கு இசைவே தேவையில்லை என்று 2024 நவம்பரில் விலக்கு வந்தது. அது நியாயமான விலக்கு. மற்றவர்கள் தம் தொழில் எந்த நிறம் என்பதையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். "ஆள் வைத்து எடுத்துவிட்டேன் ஹஜ்ரத், பேப்பர் எல்லாம் கிளியர்" என்று பெருமையோடு சொல்பவர்களை நாம் சந்திக்கிறோம். வடிகட்டி பொருத்தினீர்களா என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. ஆள் வைத்து எடுத்த காகிதம் அதிகாரி வரும்போது உதவலாம். பின்சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு அது எதையும் வடிகட்டித் தருவதில்லை. அந்தப் பெண் பெரும்பாலும் நம் மஹல்லாவைச் சேர்ந்தவராகவே இருப்பார்.

பதிவேட்டைக் கேளுங்கள்

காயல்பட்டினத்து மக்கள் பக்கத்து ரசாயன ஆலை குறித்துப் பல ஆண்டுகள் ஆவணங்களைத் திரட்டி, அமைப்பாகச் சேர்ந்து, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். எல்லா ஊருக்கும் அவ்வளவு வழக்கறிஞர்களும் வெளிநாட்டு வாழ் உறுப்பினர்களும் கிடைக்கமாட்டார்கள். ஆனால் அவர்கள் தொடங்கிய இடம் எல்லோருக்கும் எட்டக்கூடியது: காகிதத்தைக் கேட்டு வாங்கிப் படிப்பது.

காற்றுச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு அதிகம் பேசப்படாத ஒன்று. இசைவு பெற்றவர்களின் விவரங்களையும், ஒவ்வோர் இசைவிலும் விதித்த புகை வரம்புகளையும் கொண்ட பதிவேட்டை மாநில வாரியம் பராமரிக்க வேண்டும். அந்த வரம்பால் பாதிக்கப்படும் எவரும், அவர் அனுப்பும் ஆளும், அலுவலக நேரத்தில் அதைப் பார்வையிடலாம். எனவே ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒருவர் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்பது சலுகை அல்ல. நகல் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். புதிதாக வந்த இசைவாணையில் ஆட்சேபம் இருந்தால் மேல்முறையீட்டுக்கும் முப்பது நாள்தான் கெடு என்பதால், செய்தி காதில் விழுந்தவுடனே கிளம்ப வேண்டும்.

கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் குறைந்தது முப்பது நாள் முன்னதாக நாளிதழில் விளம்பரம் வர வேண்டும். திட்டத்தின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும், அது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் பார்வைக்குக் கிடைக்கும். கூட்டத்துக்கு இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு எதுவும் கிடையாது. பத்து பேர் வந்தாலும் நடந்ததாகவே பதிவாகும். அதனால் வரமாட்டோம் என்று புறக்கணிப்பதால் ஆலைக்குத்தான் லாபம். பேசத் தயக்கமுள்ளவர்கள் எழுத்தில் கொடுக்கலாம். பகல் முழுவதும் வீட்டில் இருந்து அந்தக் காற்றைச் சுவாசிப்பவர்கள் நம் பெண்கள். ஆண்கள் பாதிப் பேர் துபாயிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் ஊர்களில் அந்த மனுவில் பெண்களின் கையெழுத்து இல்லாவிட்டால் வேறு யாருடையது இருக்கும்? கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்திட வேண்டும் என்பதும் விதி. வாசிக்கும் வரை கலைந்துவிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நாம் சொன்னது அதில் இல்லையென்றால் அங்கேயே எழுந்து சொல்ல வேண்டும்.

இசைவாணை கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, மாதத்துக்கு எத்தனை டன் தயாரிக்க அனுமதி என்ற அட்டவணையை. அடுத்து எத்தனை புகைபோக்கிகள், எவ்வளவு உயரம் என்ற வரிசை. மூன்றாவது, எந்தத் தேதி வரை செல்லும் என்பது. முதல் இரண்டையும் ஆலை வாசலில் நின்று லாரிகளையும் புகைபோக்கிகளையும் எண்ணிச் சரிபார்க்கப் பொறியியல் படித்த ஒரு பிள்ளையே போதும், அப்படிப்பட்டவர் இன்று மஹல்லாவுக்குப் பத்து பேர் இருக்கிறார்கள். மூன்றாவதைச் சரிபார்க்க ஒரு நாட்காட்டி போதும்.